பங்காளி பேர் போட்ட பனியன்

விஜயகுமாரிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அவள் கோச்சாக இருந்த கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். பச்சைப் பொய். மூக்கு நுனியில் இருந்திருந்தால் தும்மித் தொலைத்திருக்கலாம். அவளுக்கு அது அடிவயிற்றில் கிடந்தது. மேலே ஒரு புன்சிரிப்பையும் வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’வையும் போட்டு மூடிக்கொண்டு ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்? கூடைப்பந்தைத் தவிர வேறு தொழில் எதையும் அவள் கற்றுக்கொள்ளவில்லை.

நாசரேத் பக்கத்துக்காரி. பாளையங்கோட்டையில் படிக்கும்போது பல்கலைக்கழக அணிக்கு ஆடினாள். அதே அணியில் ஆஷா என்று ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சோப்பில் துணி துவைத்து வளர்ந்த சிநேகிதிகள். உடற்கல்வியில் இரண்டு பட்டமும் வாங்கிய கையோடு, திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டராக இருந்த ஜெபக்குமாருக்கு விஜயகுமாரியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். திருப்பூருக்குள்ளேயே நல்லூரில் குடித்தனம். கொஞ்ச காலத்தில் ஆஷாவும் இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சேர்ந்தாள்.

முதலில் விஜயகுமாரிக்கு வேலை கிடைத்தது ஒரு மெட்ரிக் பள்ளியில். டிரில் எடுக்கச் சொன்னார்கள், ஆண்டு விழாவுக்குக் கும்மி சொல்லித்தரச் சொன்னார்கள், பந்து மட்டும் வாங்கித் தரவில்லை. அடுத்தது ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. அங்கே கூடைப்பந்துத் தளம் போட்டு முடிப்பதற்குள் கல்லூரியையே இழுத்து மூடிவிட்டார்கள். மூன்றாவதாக வந்ததுதான் கந்தப்பனுடைய மகளிர் கலைக் கல்லூரி. கந்தப்பன் பெரிய பனியன் ஏற்றுமதிக்காரர். தோட்டம் துரவு இருந்த குடும்பம், கம்பெனியும் வைத்து, அது போதாதென்று கல்லூரிக்கும் தாளாளர் ஆகிவிட்டது.

கல்லூரிக் கோச் என்றால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காற்று வாங்குகிற உத்தியோகம் என்று வெளியே இருப்பவர்களுக்கு நினைப்பு. வந்து பார்த்தால் தெரியும் லட்சணம். விடிந்தும் விடியாமலும் பயிற்சி. அது முடிந்த வியர்வை காய்வதற்குள் கேட்டில் நின்று அடையாள அட்டை பார்க்க வேண்டும். பரீட்சைக்கு மேற்பார்வை, பஸ்ஸுக்குப் பொறுப்பு. கோடையில் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று, உங்கள் மகளை எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஜூன் பிறந்தால் எத்தனை பேரைக் கூட்டிவந்தாய் என்பார்கள். எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஜெயித்தால் ஃபிளெக்ஸில் தாளாளர் ஆளுயரத்துக்கு நிற்பார், கோச்சின் தலை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். தோற்றால் மட்டும் முழு ஆளாகக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள்.

இத்தனைக்கும் வேலை நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் ‘இந்த வருஷத்துக்கு மட்டும்’ என்பார்கள். விளையாட்டுப் பிரிவில் நிரந்தரமான நாற்காலி ஒன்றே ஒன்றுதான். உடற்கல்வி இயக்குநர், எல்லோருக்கும் பி.டி. அதில் கந்தப்பனுக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்து காலம் பூராவும் பேப்பர் படித்தார். போன வருஷம் அவர் ஓய்வு பெற்றதும் விஜயகுமாரி தன்மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கந்தப்பன் அறைக்குப் போய்க் கேட்டேவிட்டாள்.

“மண்டலக் கோப்பைய எடுத்துட்டு வாங்க டீச்சர். அந்தச் சேர்ல நீங்கதானுங்க உக்காரோணும்” என்றார் கந்தப்பன்.

அவள் நம்பினாள். நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, இனி நாலாவது கல்லூரி தேடி யார் வாசலிலும் நிற்க முடியாது. அந்த நாற்காலி கிடைத்தால் ஜூன் மாதத்தைக் கண்டு பயப்படாமல் சாகலாம் என்று ஜெபக்குமாரிடம் சொன்னாள். பிள்ளைகளைப் பிழிந்து எடுத்தாள். பாதிப் பேர் தெற்கேயிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள், முரட்டு உழைப்பாளிகள். கேப்டன் முத்துப்பேச்சி காய்ச்சலோடு வந்து ஓடினாள். டிசம்பரில் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது.

எதிரே யார் என்று பார்த்தால், ஆஷாவின் அணி. ஆஷா கோச்சாக இருந்தது சென்னியப்பன் கல்லூரியில். ஆட்டம் நடப்பதும் அவர்கள் மைதானத்தில்தான். சென்னியப்பன் வேறு யாருமல்ல, கந்தப்பனுக்குப் பங்காளி, ஒரே பாட்டன் வழி. ஒன்றாகத்தான் கம்பெனி நடத்தினார்கள். பாகம் பிரித்தபோது யாருக்கு எது என்று முட்டிக்கொண்டு, அதிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து கிடையாது. இவர் கல்லூரி தொடங்கினார் என்று அவரும் தொடங்கினார். அவர் பஸ்ஸுக்கு ஏ.சி. வைத்தார் என்று இவரும் வைத்தார். சென்னியப்பன் கல்லூரி வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதற்காகவே கந்தப்பன் கார் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்.

இங்கேதான் பனியன் விவகாரம் வருகிறது.

வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளிய சரக்கு திருப்பூருக்குள் வீணாய்ப் போகாது. ஏதோ ஒரு தேசத்துத் தீயணைப்புப் படையின் பேரை நெஞ்சில் போட்டுக்கொண்டு இங்கே ஒருவர் இளநீர் வெட்டுவார். யாரும் படிப்பதில்லை. துணி நல்ல துணியா, சாயம் நிற்குமா, அவ்வளவுதான் கேள்வி. அமெரிக்காவில் இரண்டு வருஷப் படிப்புக்கான சின்னக் கல்லூரி ஒன்று தன்னுடைய கூடைப்பந்து அணிக்காகக் கந்தப்பன் கம்பெனியில் பனியன் தைக்கக் கொடுத்து, தைத்ததும் வேண்டாம் என்றுவிட்டது. பெட்டிகள் குடோனில் கிடந்தன. இறுதி ஆட்டம் என்றதும் கந்தப்பனுக்கு ஞானோதயம் பிறந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் என்ன?

ஒன்றை எடுத்துக் காட்டுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம் என்று விஜயகுமாரி இரண்டு முறை கேட்டாள். கம்பெனிச் சரக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கந்தப்பன் சிரித்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் பழைய பனியன்களை எல்லாம் வாங்கி, வெட்டி மிஞ்சின கழிவுத் துணியோடு போடச் சொல்லிவிட்டார். ஆட்டத்தன்று காலையில் மேடை, மாலை, போட்டோகிராபர். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பனியனை ஒவ்வொரு பிள்ளை கையிலும் அவரே கொடுத்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

சென்னியப்பன் கல்லூரியில் உடை மாற்றுகிற அறையில் உறையைப் பிரித்து மாட்டினார்கள். முத்துப்பேச்சிக்கு முன்னால் ஏழு, முதுகில் முப்பத்தொன்று. அடுத்தவளுக்கு முன்னால் பதினான்கு, முதுகில் மூன்று. பன்னிரண்டு பனியனிலும் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டிக்கு இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? தைக்கும்போது முன்துணிக் கட்டும் பின்துணிக் கட்டும் மாறிப் போயிருக்கிறது. அமெரிக்காக்காரன் அதனால்தான் தள்ளியிருக்கிறான். அவன் வேண்டாம் என்றதைப் பரிவட்டம் மாதிரி இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கூடைப்பந்தில் நம்பர் அலங்காரத்துக்கு இல்லை. தப்பு செய்தவளை நடுவர் நம்பரைச் சொல்லித்தான் அறிவிப்பார், மேஜையில் இருப்பவர் அதே நம்பரில்தான் குறிப்பார். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் யார் கணக்கில் எழுதுவது? நடுவர் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். கால் மணி நேரம் தருகிறேன், ஒழுங்கான உடுப்போடு வாருங்கள், இல்லாவிட்டால் கோப்பை எதிரணிக்கு என்றார்.

விஜயகுமாரி கந்தப்பனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு விளங்கவே இல்லை.

“நம்பர் எதா இருந்தா என்னங்க டீச்சர்? பந்து என்ன நம்பரைப் பாத்துட்டா கூடைக்குள்ள போகுது?” என்றார். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சரக்கு எடுக்கிற வெளிநாட்டுப் பையர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு அவசரம். “எதையோ ஒண்ணப் போட்டுட்டு ஆடிச் செயிச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பனியன் நகரத்தின் நடுவில், உலகத்துக்கே பனியன் தைக்கிற ஆளின் கல்லூரிப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள உடுப்பில்லாமல் நின்றார்கள். இதைவிடக் கேவலம் உண்டா? முத்துப்பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் ஆஷா உள்ளே வந்தாள். எல்லா அணியிடமும் வெள்ளையில் ஒன்று, அடர்நிறத்தில் ஒன்று என்று இரண்டு ஜோடி உடுப்பு இருக்க வேண்டும். கந்தப்பன் கல்லூரியில் இருந்ததில்லை, ஆஷாவிடம் இருந்தது. அன்றைக்கு அவள் பிள்ளைகள் வெள்ளை போட்டிருந்தார்கள். நீல ஜோடியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டாள். எல்லாவற்றிலும் நெஞ்சுக்குக் குறுக்கே, கண்ணைக் குத்துகிற மஞ்சளில், சென்னியப்பன் கல்லூரியின் பேர்.

ஆஷா ஒன்றும் செய்யாமல் வெளியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் கோப்பை அவளுக்கு. அவளுக்கும் ஜூனுக்கு ஜூன் ‘இந்த வருஷத்துக்கு மட்டும்’ கதைதான். விஜயகுமாரி அதைச் சொல்லவும் செய்தாள்.

“போட்டுட்டு வந்து ஆடுங்கட்டி. சும்மா உக்காந்து வாங்குன கோப்பைய நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தூக்கட்டும்?” என்றாள் ஆஷா.

அந்தப் பேரைப் பார்த்ததும் விஜயகுமாரிக்குக் கந்தப்பன் முகம் கண்முன் வந்து போனது. ஆனால் எதையோ ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னது அவர்தானே? பிள்ளைகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

ஆட்டம் ஆரம்பித்தபின் மைக் பிடித்தவன் பாடு திண்டாட்டமாகிப் போனது. வெள்ளையிலும் அதே கல்லூரிப் பேர், நீலத்திலும் அதே பேர். பார்க்க வந்தவர்கள் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தட்டினார்கள். இரண்டு கோச்சுகளும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள், ஒருத்திக்கு ஒருத்தி இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆஷாவின் பிள்ளைகள் பாதி ஆட்டம் வரை முன்னால் இருந்தார்கள். கடைசியில் முத்துப்பேச்சி இரண்டு பேருக்கு நடுவே புகுந்து போட்ட பந்தில் விஜயகுமாரி அணி ஜெயித்தது. வந்து கட்டிப்பிடித்த முதல் ஆள் ஆஷாதான்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு பிள்ளைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பன்னிரண்டு நெஞ்சிலும் சென்னியப்பன் கல்லூரி. கீழே சின்ன எழுத்தில் ஜெயித்தது யார் என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்? பனியன் கடைத்தெருவான காதர்பேட்டையிலிருந்து கந்தப்பனுக்குக் காலையிலிருந்தே போன். உங்கள் பங்காளி கோப்பை தூக்கிவிட்டாராமே என்று ஒருவர். உங்கள் பிள்ளைகளுக்குச் சென்னியப்பன் உடுப்பு எடுத்துக் கொடுக்கும்படி ஆகிவிட்டதா, நம்மிடம் சொல்லியிருந்தால் நாங்கள் கொடுத்திருக்க மாட்டோமா என்று இன்னொருவர். சொந்தக்காரர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

கோப்பையை எடுத்துக்கொண்டுதான் விஜயகுமாரி அவர் அறைக்குப் போனாள். மேஜை மேல் வைத்தாள். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ஜிம் உடம்போடு ஒரு இளைஞன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

கந்தப்பன் குரலை உயர்த்தவில்லை. அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் உயர்த்த மாட்டார்கள். கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டு, டீ கொடுத்துத்தான் அறுப்பார்கள். அவளை உட்காரச் சொன்னார், டீ கொண்டுவரச் சொன்னார், பேப்பரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுக்குத் தோத்துட்டு வந்திருக்கலாமுங்க டீச்சர்” என்றார்.

விஜயகுமாரி இருபத்தைந்து வருஷமாக ஆட்டத்தில் இருக்கிறாள். எதிரணிக்காரி காலை வாரியிருக்கிறாள், நடுவர் ஓரவஞ்சனை செய்திருக்கிறார், தோற்றிருக்கலாமே என்று சொந்த வாயால் சொன்ன மனிதனை அன்றுதான் பார்த்தாள்.

“எதையோ ஒண்ணப் போட்டுட்டு ஆடச் சொன்னது நீங்கதானுங்களே?”

“எதையோ ஒண்ணுன்னா, அதையாங்க?” என்றார் அவர். மனசு ரொம்பச் சங்கடமாகிவிட்டது, பி.டி. விஷயத்தில் இனி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது, இது நம் அக்கா பையன் கவின், கொஞ்ச நாளைக்கு இவர் அந்த இடத்தில் இருந்து பார்க்கட்டும், நீங்கள் எப்போதும் போலக் கோச்சாக இந்த வருஷத்துக்கு மட்டும் இருந்துகொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

கவின் பாவம், கள்ளம் தெரியாத பிள்ளை. டீச்சர் முகம் போன போக்கைப் பார்த்து ஆறுதல் சொல்ல நினைத்தான்.

“மாமா போன மாசமே சேரச் சொன்னாருங்க மேடம். டோர்னமென்ட் முடியட்டும், உங்களுக்குச் சங்கடமாயிருமேன்னு நாந்தான் இருந்தேனுங்க.”

போன மாசமே. அப்படியென்றால் பேப்பரும் இல்லை, பங்காளியும் இல்லை, பனியனும் இல்லை. கோப்பைக்காக அவள் பிள்ளைகளைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே நாற்காலிக்கு ஆள் பார்த்தாயிற்று. அவள் அமெரிக்கக் கல்லூரிப் பனியனையே போட்டு ஜெயித்திருந்தாலும் இவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். காய்ச்சலோடு ஓடின முத்துப்பேச்சியை நினைத்தாள். வாய் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

டீ வந்தது. அவள் தொடவில்லை. எழுந்து, “போறேனுங்க” என்றாள். யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வர்றேன் என்றுதான் சொல்வார்கள், எதிரி வீட்டில்கூடப் போறேன் என்று சொல்லக் கூடாது; சொன்னால் இனி அந்தப் படி ஏறமாட்டேன் என்று அர்த்தம். கந்தப்பன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் நல்லூர் வீட்டில் பாத்திரத்தைப் போட்டு நங்நங்கென்று தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எதிர்முனையில் சென்னியப்பன். அவரும் வாய் நிறைய மரியாதை. விஷயம் கேள்விப்பட்டாராம், கந்தப்பனுக்கு ஆளின் அருமை எங்கே தெரியப்போகிறது என்றார். அப்புறம் சொன்னார்.

“ஆஷா டீச்சரை நிறுத்திட்டமுங்க. கைக்கு வந்த கோப்பைய, உடுப்பும் குடுத்துத் தாரை வாத்துட்டு நிக்கறாங்க. அப்படிப்பட்டவங்களை வெச்சுட்டு என்ன பண்றதுங்க? திங்கக்கிழமை நீங்க வாங்க. பி.டி. போஸ்டு, நிரந்தரமா. அந்தப் புள்ளைங்களையும் அடுத்த வருசம் நம்ம பக்கம் கூட்டிட்டு வந்துருங்க.”

பி.டி. நிரந்தரம். ஒன்பது வருஷம் ஏங்கி, கேட்டும் கிடைக்காத இரண்டு வார்த்தை கேட்காமலே காதில் வந்து விழுந்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஜெபக்குமார் டிவி சத்தத்தைக் குறைத்தான். விஜயகுமாரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்கன்னு ஊரே சொல்லுதுங்க” என்றாள். “எனக்கென்னமோ தினம் ஒண்ணா உக்காந்து பேசித்தான் முடிவெடுக்கற மாதிரி இருக்குதுங்க. அங்க செயிச்சவளத் துரத்துறாங்க, இங்க தோத்தவளத் துரத்துறீங்க. ஆஷாவத் துரத்திட்டுக் குடுக்கற சேர்ல எனக்கு ஒக்காரத் தெரியாதுங்க. வேற ஆளப் பாருங்க.”

அவர் ஏதோ சொல்ல வந்தார், அவள் வைத்துவிட்டாள்.

“நிரந்தரம்னு சொன்னாரா?” என்று ஜெபக்குமார் கேட்டான். ஆமாம் என்றாள். அவன் சரி என்று சொல்லிவிட்டு, டிவியை நிறுத்தி எழுந்து வந்து தேய்த்த பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினான்.

அவள் ஆஷாவைக் கூப்பிட்டாள். மணி அடித்ததும் எடுத்துவிட்டாள் ஆஷா. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

“நீ என்னைக்கு சேருத?” என்றாள்.

அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று விஜயகுமாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோப்பை போனாலும் பரவாயில்லை என்று உடுப்பை அள்ளிக்கொண்டு வந்து போட்டவள் இவள். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி. விஜயகுமாரியைக் கூப்பிடப்போவதை அவளிடம் சொல்லியேதான் நிறுத்தியிருக்கிறார் சென்னியப்பன். அதுவும் சண்டைக்குக் கேட்கவில்லை, குத்திக்காட்டக் கேட்கவில்லை. வேலை போனால் அந்த இடத்துக்கு அடுத்தவள் வருவாள், அது நீயாக இருந்தால் என்ன என்று, பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி கேட்கிறாள். இரண்டு பங்காளிகளும் சேர்ந்து இவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

“செருப்பு பிஞ்சிரும்ட்டி” என்றாள் விஜயகுமாரி.

அந்தப் பக்கம் ஆஷா அழத் தொடங்கினாள், வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. விஜயகுமாரி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அதெல்லாம் அவளுக்கு வராது. திட்டினாள். முதலில் ஆஷாவைத் திட்டினாள், அப்படிக் கேட்க எப்படி நாக்கு வந்தது என்று. பிறகு கந்தப்பனை, பிறகு சென்னியப்பனை, பேப்பர் படித்தே ஓய்வு பெற்ற பெரியவரை, பந்து வாங்கித் தராத மெட்ரிக் பள்ளியை, ஒருவரையும் விடவில்லை, ஒரு ‘ங்க’வும் போடவில்லை. ஆஷா அழுது ஓய்ந்த பிறகும் திட்டிக்கொண்டிருந்தாள்.